கிளிப்பச்சை முதுகு

ஆர்டர் கேன்சலாகித் தேங்கிய கிளிப்பச்சை பனியனை எங்கள் கம்பெனியில் ஆளுக்கொன்று கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டுதான் நாங்கள் நாலு டெய்லர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை உடுமலைப் பக்கம் மலையேறினோம்.

இறங்கும்போது மூடுபனி கவிந்துவிட்டது. புல்வெளி முழுக்கச் சதுப்பு, நடுநடுவே வழுக்கும் பாறை. நான்தான் கடைசி. முன்னால் ஒரு கிளிப்பச்சை முதுகு மட்டும் தெரிந்தது. என் பக்கத்து மிஷின் முருகேசன் என்று நினைத்தேன்.

"மெல்லப் போ முருகேசா" என்றேன். முதுகு நின்றது. முழங்கால்வரை சேற்றில் இறங்கியபோது அவனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். பின்பக்கமாக ஒரு தடி நீண்டது. பிடித்து ஏறினேன். அதன்பின் கெட்டியான இடங்களைக் காலால் தட்டிக் காட்டியபடியே அந்த முதுகு நடந்தது.

தார்ரோட்டில் பனி விலகியதும் அவர் திரும்பினார். தெரியாத முகம். ஒடிசாக்காரர், வேறு கம்பெனி. எங்கள் பனியன் லாட்டில் மிச்சமானதைச் சந்தையில் வாங்கியிருக்கிறார். அவருடைய கூட்டாளிகள் எப்போதோ இறங்கிவிட்டார்கள்.

"முருகேசன்னு கூப்பிட்டப்பவே சொல்லியிருக்கலாமுங்களே?"

"தெரியாத ஆளுன்னா நீங்க பயந்துருவீங்கண்ணா. அதான் திரும்பலைங்க."

நிஜ முருகேசன் டீக்கடையில் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தான். "ஏன்டா இவ்வளவு நேரம்?" என்றான். கால் வழுக்கியது என்றேன். அவன்மேல் வருத்தமில்லை. இன்றும் பக்கத்துப் பக்கத்து மிஷினில்தான் தைக்கிறோம்.

திட்டுக்கெல்லாம் பதில் பேசாமல் என்னைக் கீழே சேர்த்தவரின் பேரை மட்டும் நான் கேட்கவில்லை. அந்த மலை முழுக்க அவர் முருகேசனாகவே நடந்தார்.