ஜெயசீலி மிஸ்ஸின் கார்பன் சைக்கிள்

காலாண்டுத் தேர்வு விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தபோது ஜெயசீலி மிஸ்ஸின் கணவர் தேவராஜ் அண்ணன் போனில் அழைத்தார். "செல்வி, உங்க மிஸ் போயிட்டாம்மா. காலையில எழுப்புனேன், எந்திரிக்கல" என்றார். மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருந்ததாம். ஐம்பதைக்கூடத் தொடாத வயது.

எங்கள் பள்ளியில் அவர் வேதியியல் ஆசிரியை, நான் கணக்கு. ஆசிரியர் அறையில் பல வருடங்களாக அடுத்தடுத்த நாற்காலி. அழுதேன். அழுதுகொண்டிருக்கும்போதே, அந்த சைக்கிள் இனி யாருக்கு என்று மனம் கேட்டது. எனக்குத்தான் என்றும் அதுவே சொல்லிக்கொண்டது.

பொறாமையை நீக்கிவிட்டு ஜெயசீலி மிஸ்ஸைப் பற்றி எழுத எனக்கு வராது. அவர் நல்ல உயரம். எந்தச் சேலையும் அவருக்கு எடுப்பாக இருந்தது. பிள்ளைகள் என் வகுப்பில் பயந்து படித்தார்கள், அவர் வகுப்பில் சிரித்துக்கொண்டே படித்தார்கள். மதிப்பெண் இரண்டிலும் ஒன்றுதான் என்பது என்னை மேலும் வருத்தியது.

அவர் தம்பி கனடாவுக்குப் போகும்போது விட்டுச்சென்ற, கார்பன் இழையால் செய்த சைக்கிள் அவரிடம் வந்தது. ஒற்றைக் கையால் தலைக்கு மேல் தூக்கிக் காட்டுவார். அடுத்த மாதமே நானும் ஒரு சைக்கிள் வாங்கினேன், அலுமினியத்தில். சனிக்கிழமை அதிகாலைகளில் அவரும் நானும் விளையாட்டு ஆசிரியை ரோஸ்லினும் மேலூர் சாலையில் போவோம். ஞாயிறு அவருக்கு சர்ச்.

ஒருமுறை திருவாதவூர்ப் பக்கம் டீக்கடையில் நின்றோம். பெரியவர் ஒருவர் இயல்பாக வந்து அந்த சைக்கிளின் பாரில் உட்கார்ந்துவிட்டார். மிஸ் கிளாஸைப் போட்டுவிட்டு ஓடினார்.

"அண்ணே, எந்திரிங்க! பார்ல உக்காராதீங்க!"

"ஏம்மா? எம் பொண்டாட்டிய பார்ல வச்சுத்தான் கொட்டாம்பட்டியில இருந்து கூட்டியாந்தேன். வண்டியும் ஒடையல, அவளும் ஒடையல."

"அவங்க ஒடஞ்சிருந்தா உங்ககிட்ட வந்து சொல்லுவாங்களாக்கும்?"

கடையே சிரித்தது. பெரியவரும் சிரித்துக்கொண்டே எழுந்தார். "அப்ப இது எம்புட்டு நாளைக்குத்தான் வரும்?"

"இரும்புன்னா துருப்பிடிக்கும்ணே. அலுமினியம் மிதிக்க மிதிக்கக் களைச்சுப்போயி ஒருநா விட்டுரும். இதுக்கு வயசு கிடையாது, அடிதான். அடிபடாமப் பாத்துக்கிட்டா நமக்குப் பெறகும் ஓடும்."

என் சைக்கிளைச் சொன்னதாகவே எடுத்துக்கொண்டேன்.

"ஒரு ரவுண்டு குடுங்க மிஸ்" என்று அன்று கேட்டேன்.

"உங்களுக்குக் கால் எட்டாது மிஸ்."

"சீட்ட எறக்கிக்கிறேன்."

"சீட்டு எறங்கும். ஃப்ரேம் எறங்குமா?"

ரோஸ்லின் விழுந்து விழுந்து சிரித்தாள். அவளும் உயரம்.

பிறகு கொட்டாம்பட்டி அருகே ஓர் ஆடு குறுக்கே பாய்ந்தது. ஆடு தப்பியது. மிஸ்ஸுக்கு முழங்கையில் சிராய்ப்பு. சைக்கிள் மைல்கல்லில் மோதியிருந்தது. பார்வைக்குப் பெயிண்டில் ஒரு கீறல் மட்டுமே. அவர் சாலையோரம் உட்கார்ந்து ஒரு ரூபாய் நாணயத்தால் குழாய்களைத் தட்டிக்கொண்டே வந்தார். கணீரென்று வந்த சத்தம் ஓரிடத்தில் மந்தமானது.

"உள்ள விட்டிருச்சு. இதுல இனி ஏறக் கூடாது" என்று சொல்லி, குட்டியானை வண்டி ஒன்றைப் பிடித்து ஏற்றினார். சைக்கிளின் கதை முடிந்தது என்று நினைத்தேன். வருத்தமாக இல்லை. ஆனால் சென்னையில் ஒருவர், உள்ளே அறுந்திருந்த இழைகளை நீக்கிப் புது இழை ஒட்டி, பழையபடி ஓட்டலாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார். என் முழங்கால் தேய்ந்துவிட்டதாக மருத்துவர் சொன்னதும் அந்த மாதம்தான்.

அடக்கம் முடிந்த வாரம், வீட்டு ஜெபத்துக்கு எங்களை அழைத்திருந்தார்கள். ஜெபம் முடிந்ததும் தேவராஜ் அண்ணன் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். நான் எழுந்தேவிட்டேன். அவர் அதை ரோஸ்லின் கையில் கொடுத்தார்.

"தனக்கு ஏதாச்சும்னா ஒனக்குன்னு சொல்லிவச்சிருந்தாம்மா."

ரோஸ்லின் அழுதாள். நான் கேட்கக் கூடாததைக் கேட்டேன். "என்னயப் பத்தி எதும் சொன்னாங்களாண்ணே?"

"சொன்னாளே. 'செல்வி ஆசப்படுவா. மொகத்தப் பாத்துட்டுக் குடுத்துறாதீங்க. அவ உயரத்துக்கு ஆகாது, விழுந்துருவா'ன்னா."

நான் விழக் கூடாது என்று நினைத்திருக்கிறார். புரிகிறது. ஆனாலும் எனக்கு அந்த சைக்கிள்தான் வேண்டியிருந்தது.

சென்ற சனிக்கிழமை ரோஸ்லின் அதில் முன்னால் போனாள், நான் பின்னால் மிதித்தேன். ஒத்தக்கடை தாண்டியதும் அவளுக்கும் எனக்கும் இடையே தூரம் கூடியது. வெயில் ஏறுகிற நேரத்தில் அந்தக் கறுப்பு ஃப்ரேம் மட்டும் மினுங்கிக்கொண்டே போனது. ரோஸ்லின் கவனமானவள். அடிபட விடமாட்டாள். இன்னும் நெடுங்காலம் அது ஓடும், அத்தனை காலமும் எனக்கு முன்னால்தான் ஓடும்.

போங்க மிஸ். நான் மெதுவா வாரேன்.