பெரட்டு மணியின் எழுத்துகள்

எங்கள் கோயில் மணியில் இருந்த எழுத்துகளை அழித்தவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சுற்றி வளைத்துப் பேசுகிறான் என்று யாரும் குறை சொல்ல வேண்டாம். வேலை சுத்தமாகத்தான் இருந்தது. முப்பது வருஷமாக சுங்கை ஊடாங்கில் எண்ணெய் ஆலைக்குப் போகும் குழாய்களைத் தேய்த்து மெருகேற்றிப் பிழைத்தவன் நான். என் கைக்கு வந்த எதுவும் பளபளக்காமல் திரும்பிப் போனதில்லை.

அந்த மணி முதலில் கோயிலில் இல்லை. மலாக்காவில் லூபோக் சீனா பக்கத்தில் நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்தில், ஆபீஸுக்கு முன்னால், இரண்டு தண்டவாளத் துண்டுகளை நட்டு அதன் நடுவில் தொங்கவிட்டிருந்தார்கள். தோட்டத்துக் கதவு, தண்ணீர்த் தொட்டி, டிராக்டர், எல்லாவற்றுக்கும் அடித்த அதே பச்சைப் பெயின்ட்தான் அதற்கும். விடியுமுன்பே, கங்காணி வேலை பார்க்கும் மண்டோர் வந்து அடிப்பார். பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, கூப்பிடுகிற மணி. முதல் மணிக்கு அம்மா அடுப்பு பற்ற வைப்பார். இரண்டாம் மணிக்கு அப்பா ரப்பர் பால் வெட்டும் கித்தா கத்தியையும் வாளியையும் எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டுவார். மூன்றாம் மணிக்குப் பிறகு போனால் அன்றைக்கு வேலை கிடையாது. அதைத் திட்டாத ஆள் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இல்லை. பக்கத்து வீட்டுச் சித்தப்பா தினமும் பல் விளக்கிக்கொண்டே அந்த மணிக்கு ஒரு பரம்பரையைக் கண்டுபிடித்து அதைப் பெயர் சொல்லித் திட்டுவார். நாங்கள் போர்வைக்குள் கிடந்து சிரிப்போம்.

நான் நாலாவது படிக்கும்போது தோட்டத்துக்குச் சங்கு வந்தது. மின்சாரச் சங்கு. மணிக்கு வேலை போய்விட்டது. பெரிய துரை அதைக் கோயிலுக்குக் கொடுப்பதாகச் சொன்னார். துரை என்றால் வெள்ளைக்காரர் இல்லை, அப்போதே நம்ம ஊர் ஆள்தான், ஆனால் மேனேஜருக்குத் துரை என்ற பெயர் மட்டும் மாறவில்லை. மேளத்தோடு போய் வாங்கி வந்தார்கள். மாலை, பன்னீர், சந்தனம் எல்லாம் நடந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆடித் திருவிழாவிலும் முதல் மாலை துரைக்குத்தான். மணி கொடுத்த மகராசன் என்று மைக்கில் சொல்லுவார்கள். அவர் மாற்றலாகிப் போன பிறகும் அடுத்தடுத்து வந்த துரைமார்களுக்கு அந்த மாலை போய்க்கொண்டே இருந்தது. ஒரு கல்லும் தூக்கிப் போடாதவர்களுக்கெல்லாம் மாலை.

கோயிலுக்கு வந்த பிறகு அந்த மணியை யாரும் திட்டவில்லை. திருவிழாவுக்கு முந்தின வாரம் பெண்கள் அதை இறக்கி வைத்து, புளியும் சாம்பலும் போட்டு, தேங்காய் நாரால் தேய்ப்பார்கள். என் அம்மா அதில் முன்னால் நிற்பார். மூன்று நாலு வருஷத்தில் பச்சைப் பெயின்ட் போய் வெண்கலம் தெரிந்தது. அதோடு, மணியின் விளிம்புக்கு மேலே, ஒரு சாண் அகலத்துக்குச் சுற்றிலும் எழுத்து மாதிரி ஏதோ இருப்பதும் தெரிந்தது. பாதிக் குழியில் பெயின்ட் அடைத்துக் கிடந்தது. மீதிக் குழி தேய்ந்து போயிருந்தது. கண்ணுக்கு ஒன்றும் பிடிபடாது. விரலால் தடவினால் வளைவு வளைவாகத் தட்டுப்படும். துரைமார் பெயராக இருக்கும் என்றார் அம்மா. டச்சுக்காரன் எழுத்து, மலாக்காவில் மூழ்கின கப்பலில் இருந்து எடுத்த மணி என்றார் பூசாரி. எங்களுக்கு அந்தக் கப்பல் ரொம்பப் பிடித்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் அதை வைத்தே ஒரு வாரம் பெருமை அடித்தோம். தமிழ்ப்பள்ளியில் ஆறு வருஷம் படித்த எங்களில் ஒருத்தனுக்காவது அது வேறு எழுத்தாக இருக்கலாமே என்று தோன்றவில்லை.

பிறகு தோட்டம் கைமாறியது. ரப்பர் போய் எண்ணெய் எடுக்கிற செம்பனை வந்தது, செம்பனையும் போய் வீடுகள் வந்தன. நாங்கள் ஆளுக்கொரு பக்கம் போனோம். கோயில் அலோர் காஜா பக்கத்தில் ஒரு சின்ன நிலத்துக்கு வந்தது. வரும்போது அம்மனும் சூலமும் மணியும்தான் கூட வந்தன. இப்போது வருஷத்துக்கு ஒருமுறை ஆடியில் கூடுகிறோம். ஜொகூரில் இருந்து, சிங்கப்பூரில் இருந்து எல்லாம் வருவார்கள். கார் நிறுத்த இடம் இருக்காது, அதற்கு ஒரு சண்டை நடக்கும். மணி அடித்ததும் அந்தச் சண்டை நின்றுவிடும். போன வருஷம் என்னோடு படித்தவள் ஒருத்தி, இப்போது அவளே மாமியார், மணிச் சத்தம் கேட்டதும் அப்படியே நின்று, "எங்கம்மா அடுப்பு பத்த வச்சிட்டாங்க" என்றாள். எங்கள் தோட்டம் என்று சொல்ல இப்போது வேறு எதுவும் மிச்சம் இல்லை. ஸ்கூல் இல்லை, லயம் இல்லை, ஒரு பால்மரம்கூட இல்லை. அந்தச் சத்தம் ஒன்றுதான் இருக்கிறது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு சனிக்கிழமை காலையில், ஒரு மலாய்ப் பெண் கோயிலுக்கு வந்தாள். என் மகள் வயதுதான் இருக்கும். பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துகிறாளாம். இந்த வட்டாரத்தில் இருக்கிற பழைய கல், பழைய சமாதி, பழைய பொருள் எல்லாவற்றையும் எழுதி எடுக்கிறாளாம். நான் கோயில் செயலாளர் என்பதால் என்னிடம் பேசினாள். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, உள்ளே வரலாமா அங்கிள் என்று கேட்டுவிட்டுத்தான் வந்தாள். குறை சொல்ல ஒன்றும் இல்லை. மணியைப் பார்த்ததும் கைபேசி விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தாள். என் வாழ்நாளில் பார்க்காததை அப்போது பார்த்தேன். தேய்ந்து கிடந்த குழிகளில் நிழல் விழுந்து, வரி வரியாக ஏதோ எழுந்து நின்றது. அவள் ஒரு படம் எடுத்தாள். நகர்ந்து இன்னொன்று எடுத்தாள். மூன்றாவது எடுத்துவிட்டு மணியின் பின்பக்கம் போகப் பார்த்தாள். நான் கையைக் குறுக்கே நீட்டினேன்.

"போதும்மா. கமிட்டிய கேக்காம எடுக்கக் கூடாது" என்று மலாயில் சொன்னேன். அவள் சரி என்று கைபேசியைப் பைக்குள் வைத்துவிட்டாள். இன்னும் சில வாரத்தில் நல்ல விளக்கோடு வருவதாகவும், அதற்குள் கமிட்டியில் கேட்டு வைக்கும்படியும் சொல்லிவிட்டுப் போனாள்.

நான் ஏன் தடுத்தேன் என்றால், ஒரு ஜாடி. நான் பிறப்பதற்கு முன்னால் அப்பா தோட்டத்தில் தண்ணீர் வடியக் கான் வெட்டும்போது மண்ணுக்குள் ஒரு பெரிய ஜாடி அகப்பட்டது. உடம்பெல்லாம் நாகம் சுற்றின ஜாடி. மண்வெட்டி படாமல் கையாலேயே மண்ணை அள்ளி, அரை நாள் பாடுபட்டு, ஒரு கீறல் இல்லாமல் அதை வெளியே எடுத்தாராம். ஆபீஸில் கொண்டுபோய் வைக்கச் சொன்னார்கள். வைத்தார். அத்தோடு சரி. அப்பாவுக்கு எழுபது வயதான பிறகு மலாக்கா டவுனில் ஒரு மியூசியத்துக்குக் கூட்டிப்போனேன். சும்மா, குளுகுளு என்று இருக்குமே என்றுதான். அங்கே கண்ணாடிக்குள் அந்த ஜாடி நின்றது. தோட்ட நிர்வாகத்தின் அன்பளிப்பு என்று கீழே அட்டை. அப்பா கண்ணாடியில் கை வைத்து, அங்கே இருந்த காவலரிடம், இது நான் தோண்டி எடுத்தது என்றார். காவலர் ரொம்பப் பணிவாக, வயதானவர்களை மலாயில் கூப்பிடுகிற மாதிரி, "தொடாதீங்க பாக்சிக்" என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் அப்பா அந்த மண் எவ்வளவு ஈரமாக இருந்தது என்பதையே பேசிக்கொண்டு வந்தார். எனக்கு வயிறு எரிந்தது. இன்றைக்கும் எரிகிறது.

அதனால் கமிட்டி கூடியபோது நான்தான் அதிகம் கத்தினேன். அந்த எழுத்தை வைத்து இது துரை சொத்து, கப்பல் சொத்து, நாட்டுச் சொத்து என்று ஏதாவது ஒன்றைச் சொல்லி எடுத்துப் போய்விடுவார்கள், நாம் டிக்கெட் வாங்கிக்கொண்டு கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்க வேண்டியதுதான் என்றேன். தலைவருக்கு அலோர் காஜாவில் டயர் கடை. எதையும் சுருக்கமாக முடிப்பவர். "எழுத்து இருக்கறதுனாலதான வராங்க? எழுத்து இல்லன்னா அது வெறும் மணிதான்லா" என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மெருகு வேலைக்கு என்னை விட்டால் வேறு யார்?

ஒரே ஒரு அக்கா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. என் அம்மாவோடு உட்கார்ந்து அந்த மணியை வருஷக்கணக்கில் தேய்த்தவர். "அழிக்கறதுதான் அழிக்கறீங்க, என்ன எழுதியிருக்குன்னு ஒரு தடவ பாத்துட்டு அழிங்களேன்டா" என்றார்.

"பாத்து என்னக்கா பண்ணப் போற? துரை பேருக்குப் பொட்டு வைக்கப் போறியா?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்துவிட்டார். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

ஞாயிற்றுக்கிழமை மணியை வேனில் ஏற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். முதலாளியிடம் சொல்லி மெஷினை வாங்கி வைத்திருந்தேன். முதலில் சொரசொரப்பான வட்டு, பிறகு அதைவிட நைசானது, கடைசியில் மெழுகு போட்டுத் துணிச் சக்கரம். வெண்கலம் மிருதுவானது, குழாய் மாதிரி முரண்டு பிடிக்காது. தூள் பொன்னிறமாக என் சட்டை மேல் வந்து விழுந்தது. விரலால் தடவித் தடவிப் பார்த்தேன். வளைவு ஒவ்வொன்றாகக் குறைந்து, மத்தியானத்துக்குள் விரலில் எதுவும் தட்டுப்படவில்லை. திரும்பக் கொண்டுபோய்க் கட்டி அடித்துப் பார்த்தோம். அதே சத்தம். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அப்பாவுக்காகவும் சேர்த்து ஜெயித்ததாக நினைத்தேன்.

மூன்று வாரம் கழித்து அந்தப் பெண் வந்தாள். கையில் இரண்டு பெரிய விளக்கு, சுருட்டிய வெள்ளைத் தாள், ஒரு உறை. முகமெல்லாம் சிரிப்பு. நான் வெளியிலேயே, பந்தல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கேட்டால் என்ன பொய் சொல்வது என்று தயாராகத்தான் இருந்தேன். அவள் எதுவும் கேட்கவில்லை. உறையில் இருந்து ஒரு தாளை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"அங்கிள், இது போர்ச்சுகீசும் இல்ல, டச்சும் இல்ல. இது உங்க எழுத்து" என்றாள். மூன்று படங்களையும் கணினியில் போட்டு, நிழலைக் கூட்டி, தமிழ் தெரிந்த ஒருவரை வைத்து எழுத்து எழுத்தாக வரைந்து வாங்கியிருக்கிறாள். அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. என்னை வாசிக்கச் சொன்னாள்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தேன். பழைய அச்சு எழுத்து. ஸ்ரீ மாரியம்மன் துணை. தோட்டத்து ஆட்கள் சேர்ந்து அம்மன் கோயிலுக்கு வாங்கி வைத்த மணி. உபயம். அவ்வளவுதான் அதில் இருந்தது. உபயம் என்ற சொல்லுக்கு அப்புறம் 'மு' என்று ஒரே ஒரு எழுத்து, அதோடு படம் முடிந்துவிட்டது.

எனக்கு முதலில் துரைக்குப் போட்ட மாலைகள்தான் ஞாபகத்துக்கு வந்தன. கோயில் மணியை எவனோ ஒருத்தன் எடுத்துப்போய்ப் பச்சை அடித்துப் பெரட்டுக்கு வைத்திருக்கிறான். எங்கள் பொருளை எங்களுக்குத் திருப்பித் தந்ததற்கு நாங்கள் அத்தனை வருஷம் மாலை போட்டிருக்கிறோம். பிறகுதான் அந்த 'மு' எனக்கு உறைத்தது. உபயம் என்று எழுதினால் அடுத்து வருவது பெயர்கள். கோயிலில் ஒரு டியூப் லைட் வாங்கிக் கொடுத்தவன்கூட அதில் பெயர் எழுதாமல் விடுவதில்லை. மணியைச் சுற்றி இருந்ததெல்லாம் பெயர்கள். முதன்முதலாக வந்து காட்டை வெட்டிய ஆட்களின் பெயர்கள். என் தாத்தாவின் பெயரும் 'மு'வில்தான் தொடங்கும். தோட்டத்தில் பாதிப் பேருக்கு அப்படித்தான் தொடங்கும், அது தெரியும். ஆனாலும் என் தாத்தாவாக இருக்கலாம். பழசு என்றாலே அது அடுத்தவனுடையதாகத்தான் இருக்கும் என்று நான் எப்படி அவ்வளவு நிச்சயமாக இருந்தேன்?

"மிச்சம் பின்பக்கம் இருக்கு அங்கிள். பேரெல்லாம் வந்துட்டா, இது யாரோட மணின்னு எவனும் கேக்க முடியாது. நானே எழுதிக் கொடுக்கறேன்" என்று சொல்லிவிட்டு, விளக்குகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். நான் தடுக்கவில்லை. பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். மணியை அவள் சுற்றி வருவது கேட்டது. ஒருமுறை, இன்னொருமுறை. அப்புறம் சத்தமே இல்லை.

வெளியே வந்தபோது அவள் கையில் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது, அணைக்க மறந்திருந்தாள். "யாரு அங்கிள் இப்படிப் பண்ணது?" என்றாள்.

கமிட்டி என்று சொல்லியிருக்கலாம். "நான்தான்" என்றேன். "நீ எடுத்துட்டுப் போயிடுவேன்னு பயந்தேன்."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன், அது எனக்குப் பழக்கம். அவள் விளக்கை அணைத்தாள். என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சாரி அங்கிள். அன்னிக்கே நான் நாலாவது படத்தையும் எடுத்திருக்கணும்" என்றாள்.

அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். அந்தத் தாளை மடியில் வைத்துக்கொண்டு, அந்தப் பெண்ணுக்கு முன்னால், ஐம்பத்தெட்டு வயதில் நான் வாய்விட்டு அழுதேன்.