மனோன்மணி கேட்ட ஈடு

பண்டாரவளையில் பஸ்ஸுக்கு நின்றபோதுதான் எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கோயில் தலைவர் ராமையா போனில் அழைத்தார். "வாத்தியாரே, நம்ம மனோன்மணி போயிட்டாங்க." கையில் சந்தையில் வாங்கிய லீக்ஸ் கட்டோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். என்னை முகத்துக்கு நேரே 'மடையா' என்று திட்ட இருந்த ஒரே ஆளும் போய்விட்டார்.

பதுளையில் ஒன்றாகப் பொருளியல் படித்தோம். நான் அதைப் பள்ளிக்கூடத்தில் கற்பித்தேன். அவர் கடல் கடந்து, சில அயல்நாடுகள் சேர்ந்து அமைத்த சுங்க ஒன்றியமொன்றில் வேலை பார்த்தார். தங்களுக்குள் இறக்குமதித் தீர்வையை நீக்கிக்கொண்ட நாடுகள் அவை. ஆலைகளெல்லாம் பெரிய நாட்டில் குவிந்தன. சின்ன நாடுகள் வாங்க மட்டுமே செய்தன. அந்த இழப்புக்கு ஈடு பெற்றுத்தரத்தான் அவர் காலமெல்லாம் வாதாடினார். "எல்லாருக்கும் லாபம்னு சொல்றவன்கிட்ட, யாருக்குக் குறைஞ்சுச்சுன்னு கேளு" என்பார்.

ஓய்வுபெற்று அவர் தோட்டத்துக்கே திரும்பினால், இங்கும் அதே வழக்கு. மேல்கணக்கு, கீழ்க்கணக்கு என்ற இரு பிரிவுகளும் தனித்தனியாக நடத்திய மாரியம்மன் திருவிழாவை ஒன்றாக்கியிருந்தோம். கூட்டம் பெருகியது, ஆனால் கடைகளெல்லாம் மேல்கணக்கு மைதானத்துக்கு வந்துவிட்டன. கீழ்க்கணக்கில் தேநீர்க்கடை வைத்திருக்கும் செல்லம்மா திருவிழாவன்று ஈ ஓட்டினார். "அடுத்த வருசம் நாங்க தனியாவே கும்பிட்டுக்கிறோம்" என்று கீழ்க்கணக்கு ஆட்கள் கூட்டத்தில் எழுந்துவிட்டார்கள்.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "மொத்தத்துல லாபம்தானே?" என்றேன்.

"அட மடையா! மொத்தம் வந்து செல்லம்மா அடுப்ப எரிக்குமா?" என்றார் மனோன்மணி.

ராமையா சமாதானமாக, "செல்லம்மாவுக்கு ஒரு சேலை எடுத்துக் குடுத்துருவோம்ங்க" என்றார்.

"சேலை குடுத்தா அது தர்மம். அவங்க கேக்கிறது ஈடு. அன்னதானச் சமையல கூலி பேசி செல்லம்மாகிட்ட குடுங்க."

"சோத்தக் கீழருந்து தூக்கிட்டு வரணுமா?"

"ஆமாங்க, தூக்கிட்டுத்தான் வரணும். நம்ம லாபம் மட்டும் சும்மாவா மேல ஏறி வந்துச்சு?"

முணுமுணுத்துக்கொண்டே தூக்கினார்கள். திருவிழா பிரியவில்லை. அந்த மனுசியை எண்ணி எனக்கு இன்றும் பெருமைதான்.

அவர் வீடு இருப்பது மேல்கணக்கில். சாவு வீட்டுக்கு வந்தவர்களுக்குத் தேநீர் கொடுக்கப் பக்கத்திலேயே இரண்டு கடைகள் உண்டு. ஆனால் நான் போய்ச் சேர்ந்தபோது ராமையா மூச்சு வாங்க, பெரிய தேநீர்க் கேத்தலோடு கீழ்க்கணக்குப் பாதையில் ஏறி வந்துகொண்டிருந்தார்.

"இங்கேயே கடை இருக்கே, ராமையா?" என்றேன்.

"இருக்கு வாத்தியாரே. கீழ உள்ள சனமெல்லாம் இங்க வந்துட்டா, செல்லம்மா கடையில யாரு குடிப்பா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. யாருக்குக் குறைஞ்சுச்சு? அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தக் கேள்வியைத்தான். 'மடையா' என்று அதட்ட ஆளில்லாமல், இனி நானாகவே அதைக் கேட்டுப் பழக வேண்டும்.