அந்த இசையமைப்பாளருக்கு எந்த ஊர்

பிரித்தானியக் குடியுரிமைப் பரீட்சையில் நான் தோற்றது ஒரு ஜெர்மன்காரரால். அவர் செத்து இருநூற்றைம்பது வருடங்களுக்கு மேலாகிறது. என் கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை.

முதலில் என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். நான் பிறந்த ஊரான உடுப்பிட்டியில் பதினாறு வருடம் வரலாறு படிப்பித்தவன் நான். ஐரோப்பிய அரசர்களைப் புத்தகம் பார்க்காமல் வரிசையாகக் கரும்பலகையில் எழுதுவேன். லண்டனுக்கு வந்த பிறகு இருபத்திரண்டு வருடமாகப் பார்க்கிங் என்ற பகுதியில் ஒரு பெற்றோல் நிலையத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறேன். வருகிறவரிடம் நாலாம் பம்பா ஐந்தாம் பம்பா என்று கேட்பதற்கு என் வரலாற்று அறிவு பெரிதும் உதவுகிறது.

இத்தனை வருடமும் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கவில்லை. கேட்பவர்களிடம், “நான் என்ன இஞ்சையே சாகப்போறனா?” என்று திருப்பிக் கேட்பேன். அப்படிக் கேட்டுக் கேட்டே அறுபத்திரண்டு வயதாகிவிட்டது. அறுபத்தைந்து ஆனால் பரீட்சை எழுதத் தேவையில்லை, வயதானவர்கள் எதையும் தெரிந்திருக்க வேண்டியதில்லை என்று அரசாங்கமே பெரிய மனதோடு விட்டுவிடும். மூன்று வருடம் சும்மா இருந்தால் போதும் என்பதுதான் என் திட்டம்.

திட்டத்தைக் கெடுத்தது ரொறன்ரோவில் இருக்கும் அக்காவின் சிறுநீரகம். வாரத்தில் மூன்று நாள் இரத்தம் சுத்திகரிக்க ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தாள். நான் ஊரைவிட்டு விமானம் ஏறிய அன்று கண்டதுதான், பிறகு அவளை நேரில் பார்க்கவில்லை. கனடா விசாவுக்கு இரண்டு தரம் போட்டேன். நான் திரும்பி லண்டனுக்குப் போவேன் என்று நம்பிக்கை இல்லை என இரண்டு தரமும் பதில் வந்தது. இருபத்திரண்டு வருடமாக ஒரே கதிரையில் இருப்பவனைப் பற்றித்தான் இப்படி.

“நான் இருக்கேக்கை ஒருக்கா வந்திட்டுப் போடா” என்றாள் அக்கா, தொலைபேசியில். பிரித்தானியக் கடவுச்சீட்டு இருந்தால் விசா கேட்டு நிற்கத் தேவையில்லை. மூன்று வருடம் பொறுக்க அவளால் முடியாது. அந்தக் கிழமையே நானும் மனைவியும் பரீட்சைக்குப் பதிந்தோம்.

மனைவி ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறாள். பரீட்சைப் புத்தகத்தை அவள் படித்த விதத்தைப் பார்த்து நான் சிரித்தேன். எங்கள் ஆட்கள் புதிதாக ஒருவரைக் கண்டால் கேட்கும் கேள்விகளைத்தான் அவள் அந்தப் பெரிய மனிதர்களிடமும் கேட்டாள். எந்த ஊர், ஆருடைய மகன், ஆரைக் கட்டினவர். புத்தகத்தில் இல்லாததைக் கைத்தொலைபேசியில் தேடிப் பிடித்தாள். இரண்டு கிழமையில் பதினேழாம் நூற்றாண்டில் பிறந்த ஐரோப்பியர்கள் எல்லோரும் இல்ஃபோர்ட்டில் எங்கள் வீட்டுக் குசினியில் அடுப்பைச் சுற்றி நடமாடத் தொடங்கிவிட்டார்கள்.

“அந்த ராசா இருக்கிறாரெல்லோ, ஜெர்மனியிலை இருந்து வந்தவர், அவர் பெண்சாதியை அங்கையே ஒரு வீட்டிலை அடைச்சு வைச்சிட்டு வந்தவராம். மகனுக்குக் கோவம் வராதே? தேப்பனும் மகனும் முகம் பாக்கிறேல்லையாம்.”

“பரீட்சையிலை உதே கேக்கப்போறாங்கள்?”

“கேக்காட்டியும் ஆளை மறக்கமாட்டனெல்லே. நீங்கள் ஒருக்காத் திறந்து பாருங்கோவன்.”

நான் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. எனக்கே வரலாறா? அந்த ராசாவுக்கு ஆங்கிலம் சரியாக வராது என்பதை இவள் பிறக்கமுன் நான் படித்தவன் என்று சொல்லலாம், கொஞ்சம் மிகைப்படுத்தினால். நாட்டின் மொழி வராதவரைக் கூப்பிட்டு முடி சூட்டினார்கள். பெற்றோல் விற்கிற எனக்கோ, குடியுரிமை கேட்பதற்கே ஆங்கிலம் தெரியும் என்று சான்றிதழ் காட்ட வேண்டியிருந்தது. ராசாவாக வராதது என் பிழை.

பரீட்சையில் இருபத்துநாலு கேள்விகள். கணினித் திரையில் ஒவ்வொன்றாக வரும். பாதிக்கு மேல் போனபோது முதலில் சொன்ன அந்த ஜெர்மன்காரர் வந்தார், ஒரு இசையமைப்பாளர். ராசாவின் மகனுக்கும் இவருக்கும் இரண்டு வயதுதான் வித்தியாசம், இவரும் ஜெர்மனியில் பிறந்தவர். அவர் ஒரு பிரித்தானியர் என்று எழுதி, சரியா பிழையா என்று கேட்டிருந்தது. நான் யோசிக்கவே இல்லை. ஒருவன் எங்கே பிறந்தானோ அதுதான் அவன் ஊர். இல்ஃபோர்ட்டில் பிறந்து தமிழில் நாலு சொல் தெரியாத பிள்ளையைக்கூட நாங்கள் தகப்பனின் ஊரைச் சொல்லித்தான் யாரென்று பிடிப்போம். பிழை என்று அழுத்திவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

மனைவி சித்தியடைந்தாள். நான் தோற்றேன். எத்தனை பிழை விட்டேன் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் எனக்குத் தெரியும், அந்த ஒரு கேள்விதான். மற்ற ஆறேழு பிழைகளைப் பற்றி இங்கே பேசத் தேவையில்லை.

“அந்தாள் ஒழுங்கா பிரசையானவர்” என்றாள் மனைவி, வீட்டுக்குப் போகும் ரயிலில். “பாராளுமன்றத்திலை சட்டம் போட்டுக் குடுத்தவை. வாழ்நாளிலை பாதிக்கு மேலை இஞ்சைதான். கலியாணமும் கட்டேல்லை, கடைசியிலை கண்ணும் தெரியாமல் போச்சு. பாவம்.”

“எத்தினை வருசம் இருந்தாலும் ஜெர்மன்காரன் ஜெர்மன்காரன்தான்.”

அவள் என் பக்கம் திரும்பினாள். “அப்ப அந்த இத்தாலிச் சாமியார்?”

இவளோ மன்னார்க் கத்தோலிக்கக் குடும்பம், சாமியார் விடயத்தில் இவளோடு மல்லுக்கட்ட ஏலாது. இசையமைப்பாளருக்கு ஐந்து வயது மூத்தவர் அந்தப் பாதிரியார். இத்தாலியில் பிறந்து, தமிழ்நாட்டுக்கு வந்து, தமிழ் படித்து, காவியமும் அகராதியும் செய்தவர். அவருக்கு ஒரு தமிழ்ப் பெயரும் இருக்கிறது என்று நாங்கள் பெருமைப்படுகிறோம். சென்னைக் கடற்கரையில் சிலை நிற்கிறது. பதினாறு வருடம் வகுப்பில் அவரைத் தமிழறிஞர் என்றுதான் நான் சொல்லிக்கொடுத்தேன். எந்தப் பிள்ளையாவது இத்தாலிக்காரர் என்று எழுதியிருந்தால் புள்ளி வெட்டியிருப்பேன்.

“அது வேறை” என்றேன்.

“என்னண்டு வேறை?”

அடுத்த நிலையம் வந்தது, நல்லவேளையாக. வீட்டுக்குப் போனதும் புத்தகத்தைத் திறந்தேன். மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். அந்தத் தேத்தண்ணிதான் பெரிய அவமானம்.

இரண்டாம் தரம் சித்தியடைந்தேன். சில மாதம் கழித்துக் கவுன்சில் மண்டபத்தில் சத்தியப்பிரமாணம். அரசருக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் விசுவாசமாக இருப்பேன் என்று வலக்கையை உயர்த்திச் சொன்னேன். மனைவி பக்கத்தில் நின்று, “மனுசியை அடைச்சு வைச்சவரின்ரை பரம்பரை” என்று என் காதுக்குள் சொன்னாள். அந்தச் சிரிப்பை அடக்கப் பட்ட பாட்டில், படத்தில் நான் தேசபக்தியால் கண் கலங்கியவன்போல விழுந்திருக்கிறேன்.

கடவுச்சீட்டு வந்த மறுகிழமை ரொறன்ரோவுக்குப் பறந்தேன். அக்கா நேராக ஆஸ்பத்திரிக்கே வரச் சொன்னாள், அன்று அவளுடைய சுத்திகரிப்பு நாள். சாய்கதிரையில் படுத்திருந்தாள். கையிலிருந்து இரண்டு குழாய்கள் இயந்திரத்துக்குப் போயின. தலை முழுக்க வெள்ளை. நான் மனதில் வைத்திருந்த அக்காவில் பாதிதான் இருந்தாள். குடியுரிமை வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்த வருடங்களை அந்த நேரம் எண்ணிப் பார்த்தேன்.

“தோத்துப்போனியாமே” என்றாள். எல்லாவற்றுக்கும் முதல் அதுதான்.

“ஒருக்காத்தான்.”

“வாத்தியார்” என்று சொல்லிச் சிரித்து, மற்றக் கையால் என் விரலைப் பிடித்துக்கொண்டாள். விடவில்லை.

அடுத்த கதிரையில் இன்னொரு தமிழ் அம்மா, அவருக்கும் குழாய்கள். எங்களையே பார்த்துக்கொண்டிருந்தவர் கடைசியில் பொறுக்கமுடியாமல் கேட்டார்.

“ஆர் பிள்ளை இது?”

“என்ரை தம்பி” என்றாள் அக்கா.

“தம்பிக்கு எந்த ஊர்?”

உடுப்பிட்டி என்று சொல்ல வாயைத் திறந்தேன். நானும் அக்காவும் பிறந்த ஊர், ஒரே வீடு, ஒரே அறை. அதற்குள் அக்கா சொல்லிவிட்டாள்.

“லண்டன்.”

கண்ணை மூடிக்கொண்டு, சாதாரணமாகத்தான் சொன்னாள். அந்த அம்மாவும் தலையை ஆட்டி ஏற்றுக்கொண்டார். எனக்குத்தான் எங்கேயோ வலித்தது. திருத்தலாமா என்று பார்த்தேன். அக்கா என் விரலை விடாமல் அயர்ந்துபோயிருந்தாள், திருத்த மனம் வரவில்லை.

“அங்கையும் இப்பிடித்தான் குளிரோ தம்பி?” என்று கேட்டார் அந்த அம்மா.

“எங்கடை லண்டனிலை இவ்வளவு இல்லை” என்றேன்.

சொன்ன பிறகுதான் அந்த ‘எங்கடை’ என் காதில் விழுந்தது.