இடப்பக்கச் சீட்டில் சுப்புராஜ்

சுப்புராஜின் வலது கால் மறுபடியும் மிதியடியை அழுத்துகிறது. அங்கே பிரேக் இல்லை. அவர் இருப்பது இடப்பக்கச் சீட்டில். பிரேக் மகள் இந்துவின் காலடியில் இருக்கிறது.

"தரையில ஓட்ட விழுந்துரும்ப்பா" என்கிறாள் இந்து, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கவுஞ்சியிலிருந்து கொடைக்கானல் சந்தைக்குக் காய்கறி வேன் ஓட்டுகிறவர் சுப்புராஜ். குள்ளமான மனிதர், வெயிலிலும் குல்லாய் போட்டிருப்பார், கொண்டை ஊசி வளைவுகளில் கேரட் மூட்டைகளோடு பேசிக்கொண்டே போவார். மகள் ஒன்பதாம் வகுப்பிலேயே சாவி கேட்டாள். "பதினெட்டு முடியட்டும். அதுக்கு முன்னாடி ஒன்னைய ஓட்ட விட்டா, நாந்தேன் போலீசுக்குப் பதில் சொல்லணும்" என்று சொல்லிவிட்டார். ராத்திரி சாவி அவர் தலையணைக்கு அடியில் தூங்கும்.

ஒருநாள் நின்றிருந்த வேனில் இந்து ஏறி உட்கார்ந்து, அப்பா ஓட்டுவதை நடித்துக் காட்டினாள். கழுத்தை ஒடித்துத் தோளில் போனை இடுக்கினாள். பெல்ட்டை மாட்டாமல் சும்மா குறுக்கே போட்டுக்கொண்டாள். இறக்கம் வந்த மாதிரி, டீசலை மிச்சம் பிடிக்கக் கியரை நியூட்ரலுக்குத் தள்ளினாள். தெருவே சிரித்தது. சுப்புராஜும் சிரித்தார். சாப்பிட உட்கார்ந்தபோது தட்டைத் தள்ளி வைத்துவிட்டார்.

"நம்மளப் பாத்துத்தேன புள்ள படிச்சிருக்கு" என்றாராம் மனைவி பாப்பம்மாளிடம்.

மறுநாளிலிருந்து பெல்ட் மாட்டினார். மணி அடித்தால் வண்டியை ஓரம் கட்டிவிட்டுத்தான் போனை எடுத்தார். இறக்கத்தில் இரண்டாம் கியரிலேயே உறுமிக்கொண்டு இறங்கினார். "டீசல் போனாப் போகுது" என்பார், யாரும் கேட்காமலேயே. இந்துவுக்குப் பதினெட்டு முடிந்ததும் எல்.எல்.ஆர். வாங்கித் தந்தார். வீட்டிலிருந்த பழைய வெள்ளைக் காரின் முன்னாலும் பின்னாலும் சிவப்பு 'எல்' எழுத்தைத் தானே ஒட்டினார். பின்னால் ஒட்டியது கொஞ்சம் சாய்ந்துவிட்டது.

பக்கத்து வீட்டிலிருக்கும் நான் இன்று பின்சீட்டில். கூடவே பாப்பம்மாள், மடியில் முறுக்குப் பொட்டலம். ஓர் இறக்கத்தில் மூடுபனி மொத்தமாக வந்து கண்ணாடியில் விழுகிறது. விளக்கைப் போட்டு வேகத்தைக் குறைக்கிறாள் இந்து. வளைவுக்கு அப்பால் ஆரன் சத்தம்.

"பஸ்சு மேல ஏறி வருது, ஏறுற வண்டிக்கு மொதல்ல வழி விடணும்" என்று முணுமுணுத்து, அகலமான இடமாகப் பார்த்து ஒதுங்கி நிற்கிறாள். பின்னால் வந்த சுற்றுலாக் கார் விடாமல் ஆரன் அடிக்கிறது. சுப்புராஜின் வாய் திறக்கிறது. பாப்பம்மாள் அதில் ஒரு முறுக்கை வைத்து அடைக்கிறார். இந்து அசையவில்லை. பனிக்குள்ளிருந்து பஸ் யானை மாதிரி வெளியே வந்து, எங்களை ஒட்டிக் கடந்து போகிறது. பஸ் ஓட்டுநர் கை தூக்குகிறார், இந்துவைப் பார்த்து.

கார் மெதுவாக நகர்கிறது. பனி விலகி, பள்ளத்தாக்கில் பூண்டு வயல்கள் படிப்படியாகத் தெரிகின்றன. சுப்புராஜ் கண்ணாடியை இறக்குகிறார்.

"அடியாத்தீ! இத்தன வருசமா இந்த ரோட்டுல போறேன், நிமிந்து பாத்ததே இல்லையே. எம்புட்டு அழகாக் கெடக்கு, அங்கிட்டுப் பாரேன்!"

"நீங்க பாருங்க. நான் ரோட்டப் பாக்குறேன்" என்கிறாள் இந்து. "கைய உள்ள வைங்கப்பா."

வெளியே நீட்டியிருந்த கையைச் சட்டென்று உள்ளே இழுத்து, பள்ளிக்கூடப் பிள்ளை போல மடியில் வைத்துக்கொள்கிறார் சுப்புராஜ்.