பூட்டியிருந்தது என்றவள்

எங்கள் தையல் கம்பெனியில் பன்னிரண்டு வருஷம் காஜா மெஷினில் உட்கார்ந்தவள் என்பதால் எல்லோருக்கும் அவள் காஜாக்கா. ஒரு நாளைக்கு முந்நூறு சட்டைக்குப் பட்டன் துளை போடுவாள். வாய் நீளம். நூல் அறுந்தால் மெஷினைத் திட்டுவாள். மெஷின் கேட்காவிட்டால் மெக்கானிக்கைத் திட்டுவாள். புருஷன் போய் ஆறு வருஷம், பிள்ளை இல்லை. கீழ்வீட்டில் தங்கை குடும்பம், மாடியில் ஒற்றை அறையில் இவள். தங்கையும் எங்களோடுதான் காலர் தைத்தாள்.

ஒரு மதியம் அயர்ன் செய்யும் இடத்தில் தீப்பிடித்தது. பின்கதவுக்கு ஓடினோம். வெளியே பூட்டு. துணி திருடு போகிறதென்று முதலாளி போட்ட பூட்டு. திரும்பி முட்டி மோதி முன்பக்கமாக வந்து சேர்ந்தோம். பேக்கிங்கில் இருந்த பெண்தான் கடைசி. கையும் கழுத்தும் வெந்துபோய் வந்தாள்.

விசாரணைக்கு அதிகாரி வந்த அன்று காலையில் முதலாளி எங்களைக் கூப்பிட்டார். "கதவு பூட்டியிருந்துச்சுன்னு யாராவது சொன்னா கம்பெனிக்கு சீல் வெச்சிருவாங்க. அப்புறம் உங்க இஷ்டம்."

திறந்திருந்தது என்று நாற்பத்தோரு பேர் கையெழுத்துப் போட்டோம். அதில் நானும் ஒருத்தி. வெந்துபோன பெண்ணும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி அதையேதான் சொன்னாள். அவள் வைத்தியம் முதலாளி கையில் இருந்தது. காஜாக்கா மட்டும், "பூட்டியிருந்துச்சு. இழுத்துப் பாத்தவளே நான்தான்" என்றாள்.

பதினைந்தாம் நாள் சீல் வைத்தார்கள். அன்றிலிருந்து அவளை நாங்கள் மனுஷியாகவே மதிக்கவில்லை. எதிரே வந்தால் காறித் துப்பினோம். அவள் மாடிப்படியில் யாரோ குப்பையைக் கொட்டினார்கள். யாரோ என்ன, தங்கைதான். "வயித்துல அடிச்சவளுக்குப் படி சுத்தமா இருக்கணுமாக்கும்" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிக்கொண்டே கொட்டினாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அவள் வந்து உட்கார்ந்ததும் அந்த பெஞ்சிலிருந்து எழுந்து வேறு பெஞ்சுக்குப் போனோம். ஒருவருக்கொருவர் கைகொடுத்துச் சமாதானம் சொல்லும் நேரத்தில் அவள் நீட்டிய கை அந்தரத்திலேயே நின்றது.

போதகர் அவள் அறைக்குப் போனார். "சபையில பிரிவினை வேண்டாம்மா. ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுட்டா எல்லாம் சரியாயிரும்."

"எதுக்கு மன்னிப்பு ஐயா?"

"எல்லார் மனசும் புண்பட்டிருக்கு."

"ஒருத்தி உடம்பே புண்ணாகிக் கெடக்கு. உங்களுக்கு மனசு பெருசாப் போச்சா? எழுந்திரிங்க." வாசலில் கிடந்த அவர் செருப்பை எடுத்துப் படிப்பக்கம் திருப்பி வைத்தாள்.

அதன்பிறகு அவளை எட்டிப் பார்க்க ஈ காக்கா இல்லை. ஒன்பது நாள் ஒருவரோடும் பேசாமல் இருந்துவிட்டு, கடையில் சோப்பு கேட்க வாயைத் திறந்தபோது குரலே வரவில்லையாம். பயந்துபோய் நேரே சர்ச்சுக்கு நடந்தாள். வேலைநாள் மதியம், உள்ளே யாரும் இல்லை. ஜெபிக்கப் போகவில்லை, சண்டைக்குப் போனாள். "ஆண்டவரே, உள்ளதைச் சொல்லச் சொன்னவர் நீர்தானே? சொன்னேன். இப்ப எங்க போயிட்டீர்? எனக்குன்னு நாதி உண்டா?" கத்தி ஓய்ந்து தரையிலேயே சரிந்து உட்கார்ந்தாள்.

அப்போதுதான், சின்ன வயதிலிருந்து கேட்டுச் சலித்த கதை ஒன்று ஞாபகம் வந்தது. சிலுவையில் அறையப் பிடித்துக்கொண்டு போவதற்கு முன், ராத்திரி தோட்டத்தில் ஆண்டவர் தவித்தபோது, துணைக்கு வந்த சீடர்கள் மூன்று பேரும் தூங்கி விழுந்தார்கள். எழுப்பி எழுப்பிப் பார்த்தார். விடிவதற்குள் அவர்களில் ஒருவன், இந்த ஆளைத் தெரியவே தெரியாது என்று சாதித்தான்.

"உமக்கும் ஆளில்லையான்னு கேட்டேன்டி" என்று பின்னாளில் என்னிடம் சொன்னாள். "கேட்டதும் அழுகை பொத்துக்கிட்டு வந்துச்சு. எனக்காக இல்ல, அவருக்காக. அப்புறம் பாத்தா, ரெண்டு பேரும் ஒரே எடத்துலதான் உக்காந்திருக்கோம்."

எந்தக் குரலும் கேட்கவில்லை, எந்த வெளிச்சமும் தெரியவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவள் அறையில் பேச்சுச் சத்தம் கேட்டது. பைத்தியம் பிடித்துவிட்டது என்று தங்கை ஊரெல்லாம் சொன்னாள். பைத்தியமெல்லாம் இல்லை. ஆண்டவரிடம் எங்களைப் பற்றிக் கோள் சொல்லிக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். என் பெயரும் அடிபட்டதாம்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போனாள். பேக்கிங் பெண் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். காஜாக்கா ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வந்தாள். மறு ஞாயிறும் அப்படியே. நாலாவது வாரம் அந்தப் பெண் சீறினாள்.

"எதுக்கு வர்றீங்க? நான் பொய் சொன்னேன்னு குத்திக்காட்டவா?"

"நீ தனியாக் கெடக்கியேன்னு வந்தேன்."

"எனக்கு அம்மா இருக்காங்க."

"சரி, அப்ப நான் தனியாக் கெடக்கேன்னு வெச்சுக்க."

காஜாக்கா கிளம்பும்போது அந்தப் பெண் சுவரைப் பார்த்தபடியே, "அடுத்த வாரம் சாயங்காலமா வாங்க. காலைல கட்டு மாத்துவாங்க. கத்துவேன்" என்றாள்.

காஜாக்கா அடுத்த வாரம் காலையிலேயே போனாள்.

நாங்கள் ஒவ்வொருவராக வேறு கம்பெனிகளில் சேர்ந்துகொண்டோம். அவளை எந்த முதலாளியும் சேர்க்கவில்லை. அந்த ஆஸ்பத்திரியிலேயே படுக்கை விரிப்புகளுக்குக் கிழிசல் தைக்கிறாள். தங்கை இன்னும் முகம் கொடுப்பதில்லை. எனக்கே அவளைத் தேடிப் போக இரண்டு வருஷம் ஆனது. கதவைத் திறந்தவள் மேலும் கீழும் பார்த்தாள்.

"கையெழுத்துப் போட்டவதானே நீ? உள்ள வா. உன் மேல கோவம் இன்னும் போகல" என்றாள். போகவில்லைதான். இருந்த இரண்டு மணி நேரமும் திட்டினாள்.