சிங்கம் ஒரு பக்கம், முதலை ஒரு பக்கம்

ஜேபஸ் தர்லோவுக்குக் கை பெரிது, வாய் அதைவிடப் பெரிது. பாதி ஆயுசை டெப்ட்ஃபோர்டு கப்பல் துறையில், போர்க்கப்பல்களின் முகப்பில் நிற்கும் சிலைகளைச் செதுக்கிக் கழித்தவர். நெப்போலியனோடு சண்டை ஓய்ந்ததும் கப்பல் துறையில் வேலை படுத்துவிட்டது. தலை நரைத்த பிறகு லண்டன் சோஹோவில் ஸ்டோபர்ட் என்பவரின் மரச்சாமான் பட்டறையில் சேர்ந்தார். "புயல்லயே நிக்கிற மாதிரி செஞ்சவன்யா நான். உக்கார்ற சாமானா எனக்குப் பெருசு?" என்று முதல் நாளே அளந்தார்.

அப்போது ஊரே எகிப்துப் பைத்தியம் பிடித்து அலைந்தது. வரவேற்பறையில் ஏதாவது ஒரு மிருகம் சோபாவைத் தாங்கி நிற்காவிட்டால் மரியாதை இல்லை. ஸ்டோபர்ட் ஒரு படத்தை ஜேபஸிடம் நீட்டினார்.

"கேப்டன் லக்ஸ்மோர் வீட்டு சோபா. குறி போட்டிருக்கேன் பாரு. நல்லா அமைஞ்சா இங்கயே நிரந்தரமா இரு. இல்லேன்னா டெப்ட்ஃபோர்டுக்கே நடையைக் கட்டு." சொல்லிவிட்டு பாத் நகருக்கு வண்டியேறினார்.

படத்தில் இடது முனையில் சிங்கம், வலது முனையில் முதலை. சிங்கத்துக்குப் பக்கத்தில் பென்சில் குறி. அங்கிருந்து ஆரம்பிக்கச் சொல்கிறார் என்று ஜேபஸ் எடுத்துக்கொண்டார். கப்பல் துறையில் படம் என்றால் வேதவாக்கு. சிலையில் ஒரு முடி கூடினாலும் அதிகாரி திருப்பி அனுப்பிவிடுவார். மனுஷர் உயிரைக் கொடுத்துச் செதுக்கினார். சிங்கம் உறுமியது. முதலையை அவர் நேரில் கண்டதில்லையா, அது கொஞ்சம் சிரித்தாற்போல வந்துவிட்டது.

குதிரைமுடி திணித்து மெத்தை தைக்க வந்த கெசியா, சோபாவைப் பார்த்ததும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணே, என்ன காரியம் பண்ணி வச்சிருக்கீங்க!"

"ஏன், நல்லா இல்லியா?"

"நல்லாத்தான் இருக்கு. ஆனா ரெண்டும் இருக்கே! ரெண்டு படம் வரைய சோம்பல்பட்டு, ஒரே படத்துல பாதி ஒரு மாதிரி, பாதி வேற மாதிரி போடுவாங்க. வாங்குறவங்க எதைச் சொல்றாங்களோ அதுக்குப் பக்கத்துல குறி போடுவாங்க, அதையே ரெண்டு பக்கமும் செய்யணும். ஊருக்கே தெரியுமே!"

"டெப்ட்ஃபோர்டுக்குத் தெரியாதே," என்றார் ஜேபஸ்.

மாற்றிச் செய்ய அவகாசமில்லை. மறுநாள் காலையிலேயே ஸ்டோபர்ட் வந்துவிட்டார், கூடவே கேப்டனும் அவர் மனைவியும். சோபாவைப் பார்த்த ஸ்டோபர்ட் முகத்தில் ஈயாடவில்லை. ஜேபஸ் உளிகளைத் துணியில் சுற்ற ஆரம்பித்தார்.

"என்னங்க, முதலை!" என்று கூவினார் திருமதி லக்ஸ்மோர்.

"சிங்கம்தான்னு நான் கறாரா சொன்னேனே," என்றார் கேப்டன்.

"சொன்னீங்க. அன்னைலேர்ந்து நானும் உங்களோட பேசாமத்தானே இருக்கேன்?" அந்த அம்மாள் ஓடிப்போய் முதலைப் பக்கம் உட்கார்ந்து அதன் மூக்கைத் தட்டிக்கொடுத்தார். "பாருங்க, எப்படிச் சிரிக்குது! உங்க சிங்கம் உங்களை மாதிரியே உர்ருன்னு இருக்கு."

கேப்டன் சிங்கத்தைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். அடக்கியும் அடங்காமல் சிரிப்பு வெடித்தது. போய் சிங்கத்தின் பக்கம் உட்கார்ந்தார்.

"சரி, அது உன் எல்லை, இது என் எல்லை. நடுவுல?"

"நடுவுல டீ தட்டு," என்றார் மனைவி.

"ஸ்டோபர்ட், எங்க வீட்டு நிலவரம் தெரிஞ்சு செஞ்சிருக்கீரய்யா!" என்றார் கேப்டன்.

"ரொம்ப யோசிச்சுத்தாங்க செஞ்சோம்," என்றார் ஸ்டோபர்ட், கண்ணைக்கூடச் சிமிட்டாமல். இதே தினுசில் நாற்காலிகளும் வேண்டுமென்று சொல்லிவிட்டு, இருவரும் கைகோத்துப் போனார்கள்.

கதவு சாத்தியதும் ஸ்டோபர்ட் திரும்பினார். "யோவ், சுத்தின உளியை வெளியே எடு. இதே தப்பை, ஒரு தப்பும் இல்லாம, எல்லா நாற்காலியிலயும் பண்ணணும். புரியுதா?"

ஜேபஸுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. கெசியா பக்கம் திரும்பி மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

"படம் குடுங்க முதலாளி," என்றார். "படத்துல உள்ளபடி செஞ்சிடறேன்."